காயாத கை

பிப்ரவரி 9, ஞாயிறு

துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் என் கையைப் பார்க்கிறார்கள். அப்புறம்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். சொல்ல வந்ததை மறந்து, "அல்லாஹ் சபூரத் தருவான், பொறுமையா இரு" என்று மட்டும் முனகிவிட்டுப் பாயில் உட்காருகிறார்கள்.

இரண்டு கையிலும் மணிக்கட்டுக்கு மேல் வரை மருதாணி. நானே இலை பறித்து, நிழலில் காயவைத்து, அரைத்துச் சலித்து, கோன் சுற்றி, நானே போட்டுக்கொண்டது. கீழக்கரையில் பதினைந்து வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுகிறேன். மஹ்மூதா போட்டால் சிவக்கும் என்று ஊரில் ஒரு பேர் உண்டு.

செவ்வாய்க்கிழமை மதியம் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அசர் பாங்கு சொல்லும் நேரத்தில் என் வீட்டுக்காரர் சீனி உசேன் மௌத்தாகிவிட்டார். மாரடைப்பு. மருதாணி புதன்கிழமை ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நன்றாகக் கறுத்துச் சிவந்துவிட்டது. கெமிக்கல் கலக்காத மருதாணி என்று இத்தனை நாள் பெருமை பேசியதற்கு இப்போது அனுபவிக்கிறேன்.

எதிர்வீட்டு மைமூன் மாமி எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் கொண்டுவந்து என் கையைப் பிடித்துத் தேய்த்தார். "இத்தாவுல இருக்குற பொம்பள கையில இது ஆகாதும்மா." தோல் எரிந்ததுதான் மிச்சம். ருக்கையா வந்துதான் பழத்தைப் பிடுங்கி வீசினாள். அவள் என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, நாலு வீடு தள்ளி இருக்கிறாள்.

"மௌத்துக்கு முன்னாடி போட்டது மாமி. அதுக்கு மச்சி என்ன செய்வாக? ஓதிக்குடுக்குற ஆலிமாகிட்ட கேட்டுட்டேன், குத்தமில்லையாம்."

புருஷன் இறந்தவள் துக்கம் காக்கும் இத்தா நாலு மாதம் பத்து நாள். வெளியே போகக் கூடாது. பட்டு, நகை, பூ, அத்தர், சுர்மா, மருதாணி எதுவும் கூடாது. மற்றப் பெண்களுக்கு மருதாணி அந்தப் பட்டியலில் கடைசியாக வருவது. எனக்கு அதுதான் பிழைப்பு.

இது அவருடைய மேசையில் இருந்த பேங்க் டைரி. ஜனவரி முழுக்க ஒரு வரி எழுதவில்லை. அவருக்கு எழுதவேண்டிய அவசியம் வந்ததே இல்லை. என்ன வேண்டுமோ கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

பிப்ரவரி 10, திங்கள்

ருக்கையா நேற்றிலிருந்து ராத்திரித் துணைக்கு வந்து படுக்கிறாள். அவளுக்கு அண்ணன் காக்கா, அண்ணி நான் மச்சி. காலையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"மச்சி, காக்கா ஒங்களக் கூப்புடவே இல்லியா?"

"இல்ல."

"டாக்டர் அரை மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்னு சொன்னாராமே. அதான் கேட்டேன். வலி வந்தா மனுசன் கூப்புடுவானே."

"எனக்குக் கேக்கல ருக்கையா. நான் பின் ரூம்ல இருந்தேன்."

அவள் தலையாட்டிவிட்டுக் கஞ்சியை என் கையில் கொடுத்தாள். இல்லை என்று ஒரு தடவை, கேட்கவில்லை என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். ஏதாவது ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மகன் இர்ஃபான் ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டான். பத்து நாள்தான் லீவு. என் கையைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதான். என் பிள்ளை ஒருவன்தான் இந்தக் கையைப் பார்க்காமல் பிடித்தவன்.

ஃப்ரீசரில் அறுபது கோன் கிடக்கிறது. ரம்ஜானுக்காகச் சுற்றி வைத்தது. மீன் வைக்க இடமில்லை என்று ருக்கையா குறைப்படுகிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று இன்றுதான் கவனித்தேன். சோறு வடித்தேன், பாத்திரம் கழுவினேன், தொழுதேன், ஓதினேன். நடுவில் ஒரு தடவைகூட எதையும் பாதியில் விட்டு எழவில்லை.

அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவார் என்று யாராவது கேட்டால் சிரிப்பார்கள். கண்ணாடி எங்கே, ஃபேனைக் கூட்டு, ஃபேனைக் குறை, தண்ணீர், செம்பு, ரிமோட்டு. ரிமோட்டு அவர் தொடைக்கடியில் இருக்கும். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பேன். அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள் கூப்பிட்டது நெஞ்சுவலிக்கா ரிமோட்டுக்கா என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

அவர் கூப்பிட்டார் என்று சொல்லவில்லை. பேச்சுக்குச் சொன்னேன்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. விடியுமுன் சஹருக்கு ருக்கையா கீரைக் கூட்டும் ஆணமும் வைத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

உள்ளங்கை வெளுத்துவிட்டது. தோலில் போட்டது பதினைந்து இருபது நாளில் போய்விடும். நகத்தில் போட்டது அப்படிப் போகாது. நகம் வளர்ந்து, வெட்டி, வளர்ந்து, வெட்டித்தான் தீர வேண்டும். அடியில் ஒரு நூல் அளவு வெள்ளை வந்திருக்கிறது. கல்யாணப் பெண்களிடம், "நகத்துல இருக்குற வரைக்கும் நீங்க புதுப்பொண்ணுதான்" என்று சொல்லிச் சிரிப்பது என் வழக்கம். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

ருக்கையா மகள் ஷிஃபானாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. ஜூன் 22 நிக்காஹ். என் இத்தா ஜூன் 12இல் முடிகிறது. எனக்காகவே பத்து நாள் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

"முந்துன நாள் மருதாணிக்கு நீங்கதான் மச்சி. வேற யாரு கோனும் எம் புள்ள கையில படக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுல கேட்டப்பவே சொல்லிட்டேன், எங்க மச்சி இருக்காகன்னு."

பார்க்கலாம் என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துத் தானே சமாதானமாகி, என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் நல்லவளாக இருக்க இருக்க எனக்கு மூச்சு முட்டுகிறது. நாலு கேள்வி கோபமாகக் கேட்டாலாவது தேவலை.

மார்ச் 30, ஞாயிறு

பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள். அந்தி மக்ரிபிலிருந்து தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுகொண்டு, "மாமி, மருதாணி கோன்" என்று கத்தினார்கள். வருடா வருடம் இந்த நேரத்தில் என் இடுப்பு ஒடிந்துபோகும். நான் எழவில்லை. ருக்கையா ஃப்ரீசரைத் திறந்து அறுபதையும் சும்மாவே கொடுத்தனுப்பினாள். இனி மீன் வைக்கலாம்.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் எனக்கு அவருடைய குரல் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு தடவை கூப்பிட்டார். "மஹ்மூதா" என்று. டீ கேட்கிற குரல்தான். நான், "கை காயலங்க" என்றேன். டீதானே, கொஞ்சம் பொறுத்துக் குடித்தால் என்ன என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 19, சனி

கொல்லையில் மருதாணிச் செடி பூத்திருக்கிறது. கொத்துக் கொத்தாக, சின்னச் சின்ன வெளிர்மஞ்சள் பூ. அந்தியில் வாசனை வீட்டுக்குள் வருகிறது. இத்தாவில் வாசனை கூடாதே, இதற்கு என்ன செய்வது என்று ஆலிமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "செடிகிட்டப் போயி நீ பூக்காதன்னா சொல்ல முடியும்? மூச்சு விடுங்கம்மா."

இன்னொன்றும் கேட்கவேண்டியிருந்தது. மௌத்தானவருக்குச் செய்த தப்புக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று. கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன். செடிக்கு நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். கவாத்து பண்ணாததால் ஆள் உயரத்துக்கு முள்ளும் கிளையுமாக நிற்கிறது.

மே 8, வியாழன்

ருக்கையா ஜவுளி எடுக்க மதுரைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் யாருமில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அவர் பதினொரு வருடம் சவூதியில் இருந்தார். அப்போதுதான் நான் இந்த வேலையைப் பழகினேன். திரும்பி வந்து முன் ரூம் கட்டிலில் உட்கார்ந்தவர் கூப்பிட ஆரம்பித்தார். ஏழு வருடம் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை. என் வருமானத்தில் கை வைத்ததில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் பாயைச் சுற்றிச் சுற்றி வருவார். அவரை எனக்குப் பிடிக்கும். அவர் கூப்பிடுவதுதான் பிடிக்காது.

ஊர்ப் பெண்களுக்குப் போடும்போது கவனித்திருக்கிறேன். மருதாணி போட்டவளை யாரும் வேலை ஏவமாட்டார்கள். மாமியார் ஊட்டிவிடுவார். நாத்தனார் முடியை ஒதுக்கிவிடுவாள். அடுப்படியை விட்டு நகராதவள்கூட இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, "புது இலை, நிறம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு இரண்டு கையிலும் போட்டுக்கொள்வேன். இடது கையாலும் எனக்குப் போட வரும். நிறம் பார்ப்பதற்கு ஒரு விரல் நுனி போதும். எனக்கு வேண்டியிருந்தது அந்த நாலு மணி நேரம்தான்.

அன்றைக்கும் அப்படித்தான். சாப்பாடு ஆனதும் போட்டுக்கொண்டு பின் ரூமில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். மூன்று மணி இருக்கும், கூப்பிட்டார். கை காயவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. ஏழு வருடத்தில் ஒருநாளும் அவர் குரல் இறங்கிக் கேட்டதில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு தடவை போகமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நிஜத்தைச் சொன்னால், அப்படிச் சொல்லிக்கொண்டது சந்தோஷமாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவரில் கடிகாரம் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அப்புறம் டம்ளர் விழுந்த சத்தமும் அவர் விழுந்த சத்தமும் கேட்டது. ஓடினேன்.

மே 9, வெள்ளி

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

மே 20, செவ்வாய்

ருக்கையா தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். "எம் புள்ளைக்கு ரெண்டு காலுக்கும் முழங்கால் வரைக்கும் போட்டுருங்க மச்சி" என்றாள். சரி என்றேன். அவள் காக்காவின் கபுருக்குப் பக்கத்தில் வேம்பு நட்டிருப்பதாகவும் சொன்னாள்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். கறி வந்தது, பங்கு வைத்தேன்.

இன்னும் ஐந்து நாளில் நான் வெளியே போகலாம். போனால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உட்கார வேண்டும். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னால் முடியாது. சொன்னால் ருக்கையா போய்விடுவாள். இந்த ஊரில் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். சொல்லாவிட்டால் அவளை வைத்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும் திருட்டு.

ஜூன் 12, வியாழன்

இத்தா முடிந்தது. குளித்தேன், தொழுதேன். ருக்கையா வெளிர்நீலத்தில் புதுச் சேலையும் ஒரு சின்னக் குப்பி அத்தரும் கொண்டுவந்திருந்தாள். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"ருக்கையா, காக்கா கூப்புட்டாக."

அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் முழுதாகச் சொன்னேன். அழாமல் சொன்னேன். அழுதால் அவள் என்னைத் தேற்ற வந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"எத்தன தடவ?" என்றாள்.

"ரெண்டு."

"ரெண்டாவது எப்புடிக் கூப்புட்டாக?"

"மெதுவா."

"கேட்டுச்சா ஒங்களுக்கு?"

"கேட்டுச்சு."

துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் அணைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வரவில்லை.

ஜூன் 14, சனி

ராத்திரித் துணைக்கும் வரவில்லை. மைமூன் மாமி என்ன சண்டை என்று கேட்டார். சண்டை இல்லை என்றேன்.

ஜூன் 16, திங்கள்

பத்து மணிக்கு ருக்கையா வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை. கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து உதறிக் கட்டிலில் விரித்தாள். தோளில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை. ஆரஞ்சும் பழுப்புமாக ஐந்து விரலும் எண்ணிவிடுகிற மாதிரி பதிந்திருந்தது. என் கை.

"அன்னிக்குக் காக்காவக் குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி கழட்டுனது. சுருட்டி எங்கிட்டக் குடுத்தாக. மூணாம் நாளு தொவச்சேன். போகல. அப்புறம் தொவைக்கல."

வெள்ளைப் பருத்தியில் மருதாணி லேசில் பிடிக்காது. பட்டில் பிடிக்கும், கம்பளியில் பிடிக்கும். பருத்தியில் இந்த அளவுக்குப் பிடிக்கவேண்டும் என்றால் பசை ஈரமாக இருந்திருக்க வேண்டும், அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். என் தொழில், எனக்குத் தெரியாதா? ருக்கையாவுக்கும் அது தெரிந்திருந்தது.

"நாலு மாசமா இதப் பாத்துக்கிட்டுத்தான் ஒங்ககூட வந்து படுத்தேன். காயாத கையோட ஓடியாந்து எங் காக்காவத் தூக்கியிருக்காகளேன்னு. ஒங்க கையப் பாத்து ஊருல பேசாத பேச்சில்ல. ஒவ்வொருத்தியோடயும் நான் சண்ட போட்டேன். இப்ப வந்து இப்புடிச் சொல்றீகளே மச்சி."

"ரெண்டும் நெசந்தான் ருக்கையா."

"அதான். ஒண்ணு பொய்யா இருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்."

அப்போதுதான் அழுதாள். எனக்குக் கிட்டப் போகத் தைரியம் வரவில்லை. அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல நான் வரல. அது காக்காவுக்கும் ஒங்களுக்கும் உள்ளது, மறும நாள்ல மஹ்சர்ல பேசிக்கங்க. சனிக்கிழம மதியம் லுஹர் தொழுதுட்டு வாங்க. ஷிஃபானாவுக்கு நீங்கதான் போடுறீக. போட்டுட்டு ஒங்க வழக்கத்துக்கு எந்திரிச்சுப் போயிராதீக. காயுற வரைக்கும் எம் புள்ளகூட இருங்க."

சட்டையைத் தருவாள் என்று கையை நீட்டினேன். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 21, சனி

இலைப் பொடியை நேற்றே கரைத்துவிட்டேன். எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சர்க்கரை, நாலு சொட்டு நீலகிரித் தைலம். நாலரை மாதத்துக்குப் பிறகு தெருவில் நடந்தேன். வெயிலில் கண் கூசியது.

ஷிஃபானா வாயாடி. மாப்பிள்ளை போனில் என்ன சொன்னான் என்பதில் பாதியை மறைத்துப் பாதியைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். அவள் கவனிக்கவில்லை. இரண்டு கை, இரண்டு கால், முழங்கால் வரைக்கும். முடிக்கும்போது மூன்றரை ஆகிவிட்டது.

எப்போதும் இந்த இடத்தில் நான் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காயும் வரை பெண்ணைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர்கள் வேலை. இன்றைக்கு அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ருக்கையா கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் பந்தல் வேலையைக் கவனிக்கப் போனாள்.

"மாமி, மூக்கு அரிக்குது." சொரிந்துவிட்டேன். "மாமி, தண்ணி." டம்ளரை வாயில் வைத்துக் கொடுத்தேன். "மாமி, ஃபேன இந்தப் பக்கம் திருப்புங்க." திருப்பினேன். "மாமி, போனு அடிக்குது, காதுல வைங்க, ஆனா நீங்க கேக்கக் கூடாது." வைத்தேன், கேட்காத மாதிரி இருந்தேன். சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டுக் கைக்கு ஒற்றிக்கொண்டிருக்கும்போது மறுபடி மூக்கு அரித்தது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"பாவம் மாமி நீங்க. ஒக்காரவே விடாம கூப்புட்டுக்கிட்டே இருக்கேன். இருங்க, வேற யாரையாச்சும் கூப்புடுறேன்."

"வேணாம் புள்ள," என்றேன். "என்னயவே கூப்புடு."

வெயில் இறங்குவதற்குள் இன்னும் நாலைந்து தடவை கூப்பிட்டாள்.